நாலு நாள் பஸ் பயணமும் நாற்பது வருடக் கோபமும்

ஹெவி மெட்டல் கேட்கிற யாரிடமாவது டேவ் மஸ்டெய்ன் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த வரியிலேயே மெட்டாலிகா வந்துவிடும். அதற்கடுத்த வரியில் ஒரு நக்கல் சிரிப்பு. "இன்னுமா அந்தக் கதையையே பேசிக்கொண்டிருக்கிறார்?" மெகாடெத் என்ற குழுவைத் தொடங்கி நாற்பது வருடம் நடத்தியவர், உலகம் முழுக்க மேடை ஏறியவர், தன் 21 வயதில் தன்னை வெளியே அனுப்பிய பழைய குழுவைப் பற்றி அறுபது வயதைத் தாண்டியும் பேசுகிறார். ரசிகர்களுக்கு அது மீம் போடும் சமாச்சாரம்.

எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. ஒருவருடைய மனக்குறையை 'அழுமூஞ்சித்தனம்' என்று தள்ளிவிடுவது சுலபம். "பாவம், அநியாயம் செய்துவிட்டார்கள்" என்று முழுசாக ஏற்றுக்கொள்வதும் சுலபம். அந்தக் குறைக்குள் எது நியாயம், எது நியாயம் இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் கடினம். அமைப்புகளில், குழுக்களில் வேலை செய்கிற நமக்கு அந்தக் கடினமான வேலைதான் தினசரி வேலை. அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நடந்தது இது. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்கும், பாடகரும் கிதார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில் மெட்டாலிகாவைத் தொடங்குகிறார்கள். சீக்கிரமே மஸ்டெய்ன் முதன்மை கிதார் கலைஞராகச் சேர்கிறார். 1982-ல் 'நோ லைஃப் டில் லெதர்' என்ற மாதிரிப் பதிவு கேசட் வெளிவருகிறது. ரசிகர்கள் அதைக் கைக்குக் கை பதிவெடுத்துப் பரப்பியதில்தான் மெட்டாலிகாவின் பெயர் வெளியே தெரிந்தது. முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய 1983-ல் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு நியூயார்க் பக்கம் போகிறார்கள்.

அங்கே ஏப்ரல் 11-ஆம் தேதி காலை, தூங்கிக்கொண்டிருந்த மஸ்டெய்னை எழுப்பி, இனி நீ குழுவில் இல்லை என்று சொல்கிறார்கள். எச்சரிக்கை கிடையாது. இன்னொரு வாய்ப்பு கிடையாது. எக்ஸோடஸ் குழுவிலிருந்து கிர்க் ஹாமெட்டை அவர் இடத்துக்கு ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். விமானம் எப்போது என்று கேட்டவருக்குக் கிடைத்தது கிரேஹவுண்ட் பஸ் டிக்கெட். அவர் கணக்குப்படி வீட்டுக்குப் போக நாலு நாள். கையில் காசில்லாத அந்தப் பயணத்தில், அணு ஆயுதங்களைப் பற்றிய ஒரு துண்டறிக்கையில் கண்ட சொல்தான் பின்னால் மெகாடெத் என்ற பெயரானது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, அந்தக் குழுவின் பெயரிலேயே அந்த பஸ் இருக்கிறது.

மெட்டாலிகாவின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மஸ்டெய்ன் மோசமாகக் குடித்தார், போதைப் பொருள் பழக்கமும் இருந்தது. குடித்தால் கை நீட்டுவார். ஹெட்ஃபீல்டையே அடித்திருக்கிறார். அப்படிப்பட்டவரோடு ஒரே அறையில் தூங்கி, ஒரே வண்டியில் போக வேண்டியிருந்த மற்றவர்களின் பயம் பொய்யானதில்லை. ஹெட்ஃபீல்டுக்கும் உல்ரிக்குக்கும் அப்போது வயது 19. குடிநோயை எப்படிக் கையாள்வது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அவர்களும் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரசிகர்கள் அந்தக் குழுவை 'ஆல்கஹாலிகா' என்றே கேலியாகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் குடித்த வீட்டில் ஒருவர் மட்டும் 'குடிகாரர்' என்று வெளியே போனார். இதைப் பார்க்காமல் அவருடைய கோபம் புரியாது.

இப்போது அந்தக் கோபத்தைப் பிரிப்போம். அதற்குள் மூன்று தனித்தனிக் குறைகள் இருக்கின்றன.

முதலாவது, வெளியேற்றிய விதம். 2001-ல் உல்ரிக்கும் மஸ்டெய்னும் ஒரு மனநல ஆலோசகர் முன்னிலையில் உட்கார்ந்து பேசினார்கள். 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' என்ற 2004-ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. அதில் மஸ்டெய்ன் கேட்பது மிகச் சின்ன விஷயம். ஒருமுறை எழுப்பி, உனக்குச் சிகிச்சை வேண்டும், போய்ச் சேர் என்று சொல்லியிருக்கலாமே என்பதுதான். இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு காலையைப் பற்றி, மெட்டாலிகா அளவுக்கு இல்லாவிட்டாலும் பணமும் பெயரும் சம்பாதித்த ஒருவர், கண் கலங்கிக் கேட்கிறார். இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்திருக்கிறது. அந்தக் காட்சியைப் படத்தில் சேர்க்கத் தனக்குச் சம்மதமில்லை என்று அவர் பிறகு சொன்னார். காயத்தைப் பேசக் கூப்பிட்டவர்கள் படத்தில் அது இன்னொரு காட்சியாகிவிட்டது.

இந்தக் குறை நியாயமானது. ஒருவரை நீக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் உண்டு. ஆனால் குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலைக் கேட்டு, திருந்த ஒரு தவணை கொடுத்த பிறகு நீக்குவதும், மாற்று ஆளைத் தயார் செய்துவிட்டு விடியற்காலையில் எழுப்பி அனுப்புவதும் ஒன்றல்ல. முன்னதில் முடிவு மட்டும் வலிக்கும். பின்னதில் நாம் மனிதராகவே மதிக்கப்படவில்லை என்பதும் சேர்ந்து வலிக்கும். முடிவின் வலி ஆறிவிடும், இரண்டாவது வலி அவ்வளவு சுலபத்தில் ஆறாது.

இரண்டாவது, உழைப்புக்கான பெயர். 1983 ஜூலையில் வெளிவந்த மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்'. அதன் பத்துப் பாட்டுகளில் நான்கில் மஸ்டெய்ன் பெயர் இணை ஆசிரியராக இருக்கிறது. 1984-ல் வந்த 'ரைட் த லைட்னிங்' ஆல்பத்திலும் இரண்டு பாட்டுகளில் இருக்கிறது. அதாவது பெயரை அவர்கள் முழுசாக அழித்துவிடவில்லை. அதை மறைத்துவிட்டு மெட்டாலிகாவைத் திருடர்கள் என்பது நேர்மையில்லை.

ஆனால் பெயர்ப் பட்டியலில் ஏறாத உழைப்பும் உண்டு. முதல் ஆல்பத்தில் ஹாமெட் வாசித்த தனி கிதார் பகுதிகள் பலவற்றின் தொடக்கம் மஸ்டெய்ன் வாசித்ததிலிருந்து எடுத்தது. ஹாமெட்டே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். 'தி மெக்கானிக்ஸ்' என்று மஸ்டெய்ன் கொண்டுவந்த பாட்டு, வரிகள் மாறி, நடுவில் ஒரு பகுதி சேர்ந்து, 'தி ஃபோர் ஹார்ஸ்மென்' ஆனது. 1985-ல் மெகாடெத்தின் முதல் ஆல்பத்தில் அவர் அதே பாட்டைப் பழைய வரிகளோடு, இன்னும் வேகமாக வாசித்துப் பதிவு செய்தார். ஒரே மெட்டு இரண்டு பெயரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 1982 கேசட்டை 2015-ல் மெட்டாலிகா மறுபடி வெளியிட்டது. அதை விரிவாக வெளியிடும் திட்டம் நின்றுபோனதற்கு, தான் எழுதிய பாட்டுகளில் உல்ரிக்குக்கும் பங்கு கேட்டதுதான் காரணம் என்று மஸ்டெய்ன் வெளிப்படையாகச் சொன்னார். இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் இது ஆதாரம் காட்டிப் பேசக்கூடிய, கணக்குப் பார்க்கக்கூடிய குறை. இதை 'வன்மம்' என்று அழைப்பவர்கள், உரிமையைக் கேட்பதையே வன்மம் என்கிறார்கள்.

மூன்றாவதுதான் சிக்கல். "நான் அங்கே இருந்திருக்க வேண்டியவன்" என்பது. 1992-ல் மெகாடெத்தின் 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகள் அனுப்பப்பட்டன. எந்தக் கலைஞரும் கனவு காணும் எண்ணிக்கை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் வந்த மெட்டாலிகாவின் கறுப்பு ஆல்பம் அங்கே ஒன்றரைக் கோடியைத் தாண்டி விற்றது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 20 லட்சம் தோல்வி மாதிரி தெரிகிறது.

சமூகவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த பாடம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு சாமுவேல் ஸ்டௌஃபர் குழுவினர் அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய ஆய்வை 1949-ல் வெளியிட்டார்கள். பதவி உயர்வு வேகமாகக் கிடைத்த விமானப் படையினருக்குத்தான், அபூர்வமாகவே கிடைத்த ராணுவ போலீசாரைவிட அதிக அதிருப்தி இருந்தது. மனிதர் தன் நிலையை வெறுமனே அளப்பதில்லை, யாரோடு தன்னை ஒப்பிடுகிறாரோ அவரை வைத்து அளக்கிறார் என்று ராபர்ட் மெர்ட்டன் பிறகு விளக்கினார். மஸ்டெய்ன் தன்னை ஒப்பிட்டது உலகத்தின் மற்ற ஆயிரம் மெட்டல் குழுக்களோடு அல்ல, தான் இறங்கிய பிறகு வேகமெடுத்த அந்த ஒரே வண்டியோடு.

உலகமும் அவரை விடவில்லை. 2017-ல் 'டிஸ்டோப்பியா' பாட்டுக்காகப் பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு மெகாடெத்துக்கு முதல் கிராமி விருது கிடைத்தது. அவர் மேடை ஏறும்போது அங்கிருந்த வாத்தியக் குழு வாசித்தது மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. மறக்கச் சொல்கிற உலகம்தான் இப்படி ஞாபகப்படுத்திக்கொண்டும் இருக்கிறது.

ஆனாலும் இந்த மூன்றாவது குறைக்கு யாரும் பரிகாரம் செய்ய முடியாது. நடக்காத வாழ்க்கைக்கு யார் கணக்கு கொடுப்பது?

இதற்கும் மேலே ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர் தானே தலைவரானபோது என்ன செய்தார்? மெகாடெத்தில் கிதார் கலைஞர்களும் டிரம்ஸ் கலைஞர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள், பலர் நீக்கப்பட்டுப் போனார்கள். 1983-லிருந்து கூட இருந்த பேஸ் கிதார் கலைஞர் டேவிட் எல்லஃப்சன், லாபப் பங்கில் தன்னை ஏமாற்றியதாக 2004-ல் மஸ்டெய்ன் மீது வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடியானது. 2010-ல் எல்லஃப்சன் குழுவுக்குத் திரும்பினார். 2021-ல் வேறொரு சர்ச்சையை ஒட்டி மறுபடி நீக்கப்பட்டார். ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். 1983-ல் மெட்டாலிகாவுக்கும் காரணம் இருந்தது.

காயம்பட்டவர் என்பதாலேயே ஒருவர் நியாயமானவர் ஆகிவிடமாட்டார், தோழர்களே. பட்ட அவமானம் நமக்கு நீதியைத் தானாகக் கற்றுக் கொடுக்காது. அதை ஒரு விதியாக மாற்றினால்தான் உண்டு. நம் குழுவில் யாரையும் கேட்காமல் நீக்க மாட்டோம், யார் எழுதினாலும் அவர் பெயர் இருக்கும், பணக் கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்று எழுதி வைத்தால் பழைய காயத்துக்கு ஒரு பயன் உண்டாகும். எழுதி வைக்காவிட்டால் காயம் கைமாறிக்கொண்டே போகும்.

மஸ்டெய்ன் கதையில் ஆறுதலும் உண்டு. 2010-ல் மெட்டாலிகா, மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் நான்கும் ஒரே மேடையில் வாசித்தன. 2011 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், மெட்டாலிகாவின் 30-வது ஆண்டு விழாவில், தான் எழுதிய பழைய பாட்டுகளை அவர்களோடு சேர்ந்து வாசித்தார். 2019-ல் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய் வந்தபோது ஹெட்ஃபீல்ட் விசாரித்துச் செய்தி அனுப்பினார். 2025-ல் மஸ்டெய்ன் மெகாடெத்தின் கடைசி ஆல்பத்தை அறிவித்தார். அதில் தன் பெயர் இருக்கும் மெட்டாலிகா பாட்டு 'ரைட் த லைட்னிங்'கைத் தானே வாசித்திருக்கிறார். அதை மரியாதை என்கிறார் அவர். பழைய கோபம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது ஒரு உழைப்பாளி தன் வேலையைச் செய்து காட்டித் தன் பெயரைச் சொல்லிக்கொள்வதாகத்தான் படுகிறது.

அடுத்தமுறை உங்கள் குழுவில் ஒருவர் பழைய குறையை எடுக்கும்போது, "இன்னுமா?" என்று கேட்காதீர்கள். "இதில் எதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். குறை சொல்பவர் நீங்களாக இருந்தால், அதே கேள்வியை உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.