கண்ணீருக்கு மதிப்பெண்ணா?



அண்மையில் ஒரு நாள் நண்பகலில், மந்தைவெளியில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவரைக் கண்டு நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். கூடத்திலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெண், கணவர் தம்மையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்த துயரத்தைச் சொல்லி விம்மிக்கொண்டிருந்தார். மூதாட்டியும் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். திடீரென மணி ஒலித்தது. வண்ண விளக்குகள் சுழன்றன. அழுத பெண்ணை எழுப்பி, ஒரு மேசையருகே நிறுத்தி, அறுபது நொடிக்குள் கிண்ணங்களை அடுக்கச் சொன்னார்கள். அரங்கத்தினர் கைதட்டி நொடிகளை எண்ணினார்கள்.

சற்றுக் கண்ணயர்ந்து எழுந்த மூதாட்டி, மருந்து கொண்டுவந்த மருமகளிடம், "அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாராம்மா?" என்று கேட்டார். "அது தெரியலை அத்தை, அவங்களுக்கு மிக்சி கிடைச்சுடுச்சு" என்றார் மருமகள்.

அனைவரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பிய பின்னரும் அந்த மூதாட்டியின் கேள்வி நம்மை விடவில்லை. ஒருவர் தம் துன்பத்தைச் சொல்ல வந்தார். பரிசு பெற்றுச் சென்றார். இடையில் அவருடைய துன்பம் என்ன ஆயிற்று?

சென்னையில் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடியது. ஒரே நிலையம், மாலை நேரத்தில் மட்டுமே நிகழ்ச்சிகள். 1993 ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிறுவனங்கள் தோன்றின. இன்று சாந்தோமிலிருந்து அடையாறு நோக்கிச் செல்வோர், எம்.ஆர்.சி. நகரில் அந்நிறுவனத்தின் பெரிய மாளிகையைக் காணலாம். பகல் பொழுதும் நிகழ்ச்சிகளால் நிரம்பிவிட்டது. அப்பொழுதில் பெட்டியின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் இல்லத்தரசியரும் முதியோருமே.

உரையாடல் நிகழ்ச்சியை நடத்தப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஓர் அரங்கம், சில நாற்காலிகள், பேசத் தெரிந்த ஒரு நெறியாளர் இருந்தால் போதும். ஆனால் பேச்சுக்கு ஒரு குறையுண்டு. அதற்கு முடிவு இல்லை. விளம்பரம் வந்ததும் பார்ப்பவர் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடலாம். அல்லது வேறு நிலையத்துக்குத் தாவிவிடலாம். போட்டியோ அவ்வாறன்று. யார் வெல்வார் என்பது விளம்பரத்துக்குப் பின்னரே தெரியும் என்றால், நாம் எழுவதில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்னும் கணக்கு வாரந்தோறும் வெளிவருகிறது. அதை வைத்தே விளம்பரக் கட்டணம் அமைகிறது. மேலும், பரிசாகத் தரப்படும் பொருளே ஒரு விளம்பரமாகிவிடுகிறது. பேச்சுக்குள் விளையாட்டு நுழைந்த வழி இதுவே. விளையாட்டும் பேச்சிடம் கடன் வாங்கியது. 2012-ஆம் ஆண்டில் நடிகர் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நிகழ்ச்சியில், கேள்விகளுக்கிடையே போட்டியாளரின் குடும்பக் கதையும் கேட்கப்பட்டது நினைவிருக்கலாம்.

பேச்சிலே போட்டி கலப்பது நமக்குப் புதிதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பட்டிமன்றம் நம் மண்ணில் வேரூன்றிய கலை. திரு. சாலமன் பாப்பையா தீர்ப்புக் கூறும் வேளைக்காகப் பண்டிகை நாளில் குடும்பத்தோடு காத்திருந்தவர்களே நாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டிமன்றத்தில் மோதுபவை கருத்துகள். தோற்ற அணியினர் சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்குகிறார்கள். ஏனெனில் அங்கே அவர்கள் தம் சொந்தக் காயத்தைப் பணயமாக வைக்கவில்லை. சொந்த வாழ்வே பணயமாகும்போதுதான் நிலைமை மாறுகிறது.

இத்தகைய சோதனையை அயல்நாடுகள் முன்னரே கண்டுவிட்டன. அமெரிக்காவில் 1945-இல் வானொலியில் தொடங்கி, பின்னர் 1964 வரை தொலைக்காட்சியில் நடைபெற்ற 'குவீன் ஃபார் எ டே', அதாவது 'ஒருநாள் அரசி' என்னும் பகல் நிகழ்ச்சியில், சில பெண்மணிகள் தங்கள் வறுமையையும் வீட்டிலுள்ளோரின் நோயையும் எடுத்துச் சொல்வார்கள். யாருக்குக் கைதட்டல் மிகுதி என்பதை ஒரு கருவி அளக்கும். அதிகக் கைதட்டல் பெற்றவருக்கு முடிசூட்டிப் பரிசுகள் வழங்குவார்கள். மற்றவர்களுக்கும் சிறு பரிசுகள் உண்டு. ஆனால் தம் துயரம் பிறர் துயரத்தை விடக் குறைந்தது என்று ஊரறிய அளந்து சொல்லப்பட்ட பின், எந்தப் பரிசு அதை ஈடுசெய்யும்?

நம் நாட்டில் 2009-இல் ஸ்டார் பிளஸ் நிலையம் ஒளிபரப்பிய 'சச் கா சாம்னா' என்னும் இந்தி நிகழ்ச்சியில் 21 கேள்விகள். உச்சப் பரிசு ஒரு கோடி ரூபாய். கேள்விகள் பெரும்பாலும் அந்தரங்கமானவை. எதிரே அமர்ந்திருந்தோர் பங்கேற்பவரின் சொந்தக் குடும்பத்தார். பொய்யறியும் கருவியின் முடிவே தீர்ப்பு. மாநிலங்களவையிலேயே இதற்கு எதிர்ப்புக் குரல் எழுந்தது. இங்கிலாந்தில் 2005 முதல் பகல் வேளையில் நடந்துவந்த 'ஜெரமி கைல் ஷோ' என்னும் நிகழ்ச்சியும் குடும்பச் சண்டைகளை மேடையேற்றிப் பொய்யறியும் சோதனை நடத்தியது. அதில் பங்கேற்று, அச்சோதனையில் தவறியவராக அறிவிக்கப்பட்ட ஒருவர் சில நாள்களில் இறந்துகிடந்தார். 2019 மே மாதத்தில் அந்நிகழ்ச்சி அடியோடு நிறுத்தப்பட்டது.

அப்படியானால் பரிசே தீயதா? நாம் அவ்வாறு கருதவில்லை. விஜய் தொலைக்காட்சியில் 2006 முதல் திரு. கோபிநாத் நடத்திவரும் 'நீயா நானா' நிகழ்ச்சியை அறியாதார் இல்லை. 2022-ஆம் ஆண்டில் அதில் ஒரு காட்சி. மகளின் மதிப்பெண் அட்டையைத் தந்தையார் எழுத்துக்கூட்டி நெடுநேரம் படிப்பதை அவருடைய மனைவி வேடிக்கையாகச் சொல்ல, அரங்கம் சிரித்தது. நெறியாளர் சிரிக்கவில்லை. ஏன் அவ்வளவு நேரம் படிக்கிறார் என்று அத்தந்தையிடமே விசாரித்தார். தாம் பெறாத கல்வியை மகள் பெறுவதைக் கண்டு மகிழும் ஒருவர் அங்கே வெளிப்பட்டார். நிகழ்ச்சியின் இறுதியில் தரவேண்டிய பரிசை அப்பொழுதே எடுத்து, மகள் கையால் தந்தைக்குக் கிடைக்கச் செய்தார் நெறியாளர். அந்தப் பரிசு வெற்றிக்கு அளித்ததன்று. ஒரு மனிதரைக் கூர்ந்து கேட்டதன் அடையாளம் அது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. அக்காட்சி கைப்பேசிகள் வழியாக ஊரெங்கும் பரவியது. தந்தையைப் புகழ்ந்த பலர், அந்த மனைவியைக் கடுஞ்சொற்களால் ஏசினார்கள். ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும் என்பது விளையாட்டின் விதி. அந்த விதியைப் பார்த்தவர்கள் தாமாகவே ஒரு குடும்பத்தின் மேல் சுமத்திவிட்டார்கள். அரங்கை விட்டு அம்மூவரும் திரும்பிச் சென்றது ஒரே வீட்டுக்கு என்பதை எத்தனை பேர் நினைத்தார்கள்?

நமக்குக் கவலை தருவது இதுவே. திரையில் பழகியது வீட்டுக்குள் வருகிறது. கணவனும் மனைவியும் பிணங்கும்போது, "நீங்களே சொல்லுங்கள், யார் பக்கம் நியாயம்?" என்று பிள்ளைகளை நடுவராக்குகிறோம். பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு வரும் மகனிடம், "எத்தனை மதிப்பெண்? அடுத்த வீட்டுப் பையன் எத்தனை?" என்பதே நமது முதற்கேள்வி. ஒருவர் தம் வேதனையைச் சொல்லத் தொடங்கினால், "இதென்ன பெரிய துன்பம், எனக்கு நேர்ந்ததைக் கேள்" என்று நமது வேதனையை எதிரே வைக்கிறோம். கருவியில்லாமலேயே கைதட்டலை அளக்கிறோம்.

தொலைக்காட்சியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தனித்திருக்கும் முதியோருக்கு நண்பகலில் அதுவே துணை என்பதை அறிவோம். அத்தகைய நிகழ்ச்சியைப் பார்த்தால், இயன்றவரை குடும்பத்தாரோடு சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் யார் வென்றார் என்று பேசாமல், அங்கே அழுதவருக்கு என்ன தேவைப்பட்டது, அது கிடைத்ததா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அன்றிரவு உணவு வேளையில் பெட்டியை அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் குறுக்கிடாமல் கேளுங்கள். தீர்ப்பு வேண்டாம், அறிவுரையும் மறுநாள் வரை காத்திருக்கலாம்.

இதை எழுதும் முன் மந்தைவெளிக்கு மறுபடியும் சென்றிருந்தோம். மூதாட்டி உடல் தேறி வருகிறார். அந்தப் பெண்ணின் கணவர் திரும்பினாரா என்று இன்னமும் விசாரிக்கிறார். பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. ஆனால் மருமகள் இப்பொழுதெல்லாம் பகல் உணவுக்குப் பின் சற்று நேரம் பெட்டியை அணைத்துவிட்டு, அத்தையின் அருகில் அமர்ந்து அவருடைய பழங்கதைகளைக் கேட்கிறாராம். "சொன்ன கதையையே சொல்றாங்க" என்று சிரித்தார். சிரித்தபடியே அவர் அருகில் அமர்ந்தார்.