கால் நீட்ட வயது பார்க்கணுமா?

மதியம் சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன தைல டப்பாவை எடுப்பேன். மூடியை நகத்தால் நெம்பினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். ஆள்காட்டி விரலில் கொஞ்சம் வழித்து நெற்றிப்பொட்டு இரண்டிலும் தேய்த்துவிட்டு, மிச்சத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரே இழுப்பு. தலைவலி இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில், நான் வேலை பார்க்கும் கம்பெனியில், என் பக்கத்து மேஜைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அக்கா, உங்ககிட்ட வந்தாலே பாட்டி வாசனை அடிக்குது."

எனக்கு வயது 41. அவள் மேல் கோபமில்லை. நல்ல பிள்ளை, டிபன் பாக்ஸில் பாதியை எனக்குத் தருகிறவள். ஆனால் அவள் வாயில் வந்த பேச்சு அவளுடையது இல்லை. வீட்டிலும் இதைத்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தரையில் பாய் விரித்து இரண்டு மணி நேரம் படுத்தால் "கிழவி மாதிரி". நூல் புடவை கட்டினால், வயர் கூடை எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனால், ரேடியோவில் பழைய பாட்டு வைத்தால், டபராவில் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தால், எல்லாவற்றுக்கும் அதே பட்டம். சாயங்காலம் அபார்ட்மென்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மேல்மாடிக்காரர் கேட்கிறார்: "என்னம்மா, இப்பவே ரிட்டையர் ஆயாச்சா?"

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதெல்லாம் முதுமையின் அறிகுறி. வயது குறைந்தவள் இதில் சுகம் கண்டால் அவள் தளர்ந்துவிட்டாள், தன்னைக் கவனிப்பதை விட்டுவிட்டாள் என்ற நம்பிக்கை. ஆணும் பெண்ணும், படித்தவரும் படிக்காதவரும் ஒருமித்து நம்புகிற சில விஷயங்களில் இதுவும் ஒன்று. இது வெறும் கேலி என்றால் விட்டுவிடலாம். அதற்குள் ஒரு தடை உத்தரவு ஒளிந்திருப்பதால்தான் எழுதுகிறேன்.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் ஊர் குமணன்சாவடியில் டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணியிலிருந்து ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது வயதுப் பையனும் உண்டு, அறுபது வயதுக்காரரும் உண்டு. ஒரு டீயை அரை மணி நேரம் குடிக்கிறார்கள், ஒரே பேப்பரை நாலாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அந்தப் பையனைப் பார்த்து யாராவது "தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்கியே" என்று கேட்டதுண்டா? சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் ஆணுக்குக் கம்பீரம் வந்துவிடுகிறது. பெண்ணுக்கு அதே சாய்மானம் வந்தால் மட்டும் வயதாகிவிடுகிறது.

2019-ல் தேசிய புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குக் கொடுத்தாள். ஆண் கொடுத்தது 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம், ஒரு நிமிடம் கழித்து. என்னைப் போல எஸ்டேட்டுக்கும் போய் வருகிறவளுக்கு அது எட்டு மணி நேர வேலைக்கு மேல் போட்ட இன்னொரு ஷிப்ட். அந்த ஷிப்ட் எப்போது முடியும்? மருமகள் வந்த பிறகு, அல்லது முட்டி விட்டுப்போன பிறகு. அதாவது நம் வீடுகளில் பெண்ணுக்கு உட்கார அனுமதி கிடைக்கும் வயதுக்குத்தான் 'கிழவி' என்று பெயர். அப்போதுதான் அவள் கால் நீட்டுகிறாள், வெற்றிலை மடிக்கிறாள், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறாள், மத்தியானம் தூங்குகிறாள். அத்தனை நாள் கிடைக்காத சுகம் கடைசியில் அவளிடம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, சுகமே அவளுடைய வயதின் குணம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். நாற்பதில் அதைத் தொட்டவளுக்குக் 'கிழவி' என்று பட்டம் கொடுப்பது, வரிசையில் நில்லு, உன் முறை இன்னும் வரவில்லை என்று சொல்வதுதான்.

குமணன்சாவடி சிக்னலுக்குப் பக்கத்தில் பூ விற்கும் ஆயா ஒருத்தர் இருக்கிறார். மெட்ரோ தூணின் நிழல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் கூடையும் சாக்கும் நகரும். இரண்டு காலையும் நீட்டி, சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, இடுப்பில் சுருக்குப்பையோடு உட்கார்ந்திருப்பார். விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. "எப்படி ஆயா நாள் பூரா இப்படியே உக்காந்திருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "உன் வயசுல நான் இப்டி கால நீட்டினு குந்திகினு இருந்தேன்னு வச்சிக்க, எம் மாமியா வெளக்கமாத்த தூக்கினு வந்திருப்பா. இப்ப எவ கேப்பா என்னிய?"

இந்த ரகசியம் தமிழுக்குப் பழசு. ஔவையின் கதையைப் பாட்டி கதையாகவே சொல்லிச் சொல்லி அதன் முள்ளை மழுக்கிவிட்டோம். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள். அந்தப் பெண் பிள்ளையாரிடம் போய், இந்த இளமையை எடுத்துக்கொண்டு என்னைக் கிழவியாக்கிவிடு என்று கேட்கிறாள். 1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாளை அந்தக் கோலத்தில் பார்த்து ஊரே கும்பிட்டது. 1968-ல் மெரினாவில் சிலையும் வைத்தோம். ஆனால் அந்த வேண்டுதல் எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. இஷ்டப்பட்ட ஊருக்கு நடக்க, கண்ட திண்ணையில் உட்கார, அரசனிடம் முகத்துக்கு நேரே பேச ஒரு பெண்ணுக்கு நரைத்த தலை தேவைப்பட்டிருக்கிறது. சங்கப் பாட்டில் அதியமானோடு கள் அருந்திய ஔவைக்கு அந்த நரை தேவைப்படவில்லை. இடையில் எங்கேயோ நமக்குத்தான் தேவைப்பட ஆரம்பித்துவிட்டது.

அடுத்து, 'பழசு' என்கிற வார்த்தை. பாட்டியின் பழக்கம் என்று நாம் நினைக்கிற பாதி, பாட்டி காலத்துப் புதுசு. நான் இழுக்கிற தைலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமிர்தாஞ்சனத்தை காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கினார். 1914-ல் அது சென்னைக்கு வந்தது. கொல்லிமலைச் சித்தர் தந்ததில்லை, நகரத்துக் கடையில் காசு கொடுத்து வாங்கிய நவீனச் சரக்கு. ஃபில்டர் காபி இன்னும் வேடிக்கை. அது வந்த புதிதில் பெண்களைக் கெடுக்க வந்த நாகரிகப் பானம் என்று பத்திரிகைகளில் திட்டித் தீர்த்தார்கள், ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலைப் படித்தால் அந்த வசவெல்லாம் தெரியும். அன்றைக்குப் பாட்டி பழையதையும் நீராகாரத்தையும் விட்டுவிட்டாளே என்று ஏச்சு. அவள் பேத்தி அதே டபராவைத் தூக்கினால் பாட்டியாகிவிட்டாள் என்று ஏச்சு.

நைட்டி கதையும் இதே. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவில் முதலில் நைட்டி போட்ட அக்காவை 'ஃபேஷன்காரி' என்றார்கள். இன்றைக்கு நைட்டியும் தோளில் ஒரு துண்டும் 'ஆண்ட்டி' சின்னம். ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளி என்ற கிராமத்தில் 2018-ல் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், போட்டவளைக் காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று விதித்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற உடையில் அவர்கள் என்ன ஆபாசத்தைக் கண்டார்கள்? இடுப்பில் இறுக்கமில்லாமல் ஒருத்தி சௌகரியமாக நடமாடுவதே உறுத்தியிருக்கிறது. உறுத்தலுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். அங்கே ஒழுக்கம், இங்கே வயது.

சரி, இப்போது எனக்கு ஆதரவாக வருகிறவர்களையும் துரத்திவிடுகிறேன். 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பாதீர்கள். பாட்டி செய்ததெல்லாம் விஞ்ஞானம் என்று நான் சொல்லவில்லை. வெற்றிலைப் பாக்கு போடுவதன் ருசி எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் ஒன்று போட்டுக்கொண்டு நாக்கைச் சிவக்க வைத்துக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் புகையிலை சேர்க்காத பாக்கும் வாயில் புற்றுநோயை வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. அதை விட்டுவிடத்தான் வேண்டும். தைலமும் தலைவலியின் காரணத்தைத் தொடுவதில்லை. அதிலிருக்கும் மென்தால், குளிரை உணர்கிற நரம்பைத் தூண்டிவிட்டுச் சில்லென்று ஒரு பொய் சொல்கிறது. அந்த உணர்வு எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசே கிடைத்தது. பொய்தான், தெரிந்தே இழுக்கிறேன். சுகமாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு காரணம் எதற்கு? பெண் ஒரு சுகத்தை அனுபவித்தால் அதற்கு மருத்துவச் சான்றிதழோ மரபுச் சான்றிதழோ காட்ட வேண்டும் என்பதும் அதே தடையின் இன்னொரு முகம்.

வியாபாரிகள் வேறு ரகம். ஊறுகாய் பாட்டிலில், பொடி பாக்கெட்டில் நரைத்த கொண்டைப் பாட்டி சிரிக்கிறார். நாலு முடிச்சு வயர் கூடை மால் கடைக்குப் போனதும் விலை ஏறுகிறது. 2022-ல் அமெரிக்காவில் 'கடலோரப் பாட்டி' என்று ஒரு மோஸ்தரே கிளம்பி, இளம்பெண்கள் லினன் சட்டையும் பின்னல் கூடையுமாக வீடியோ போட்டார்கள். காசு கொடுத்து வாங்கினால் ஸ்டைல். அதே கூடையைச் சும்மா தூக்கிக்கொண்டு குமணன்சாவடி மார்க்கெட்டுக்கு நடந்தால் கிழவித்தனம்.

உட்காருகிற பேச்சுக்கே திரும்புகிறேன். பூந்தமல்லியைச் சுற்றி மூன்று சாவடிகள் இருக்கின்றன: வேலப்பன்சாவடி, கரையான்சாவடி, எங்கள் குமணன்சாவடி. சாவடி என்றால் நடந்து களைத்தவன் மூட்டையை இறக்கிவைத்து இளைப்பாறும் இடம். இன்றைக்கு இப்படி ஊர்ப் பெயர்களை விட்டால் அந்தச் சொல் சுங்கச்சாவடியிலும் வாக்குச்சாவடியிலும்தான் மிஞ்சியிருக்கிறது. இரண்டிலும் வரிசையில் நிற்க வேண்டும், உட்கார முடியாது. எங்கள் சாவடியிலிருந்து குன்றத்தூர் சாலையில் திரும்பினால் மாங்காடு. அங்கே காமாட்சி தீ நடுவே ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தாள் என்பது தலபுராணம். செவ்வாய், வெள்ளிகளில் நானும் போவேன், கும்பிடுவேன். ஆனால் அந்த ஒற்றைக்காலை அம்மனோடு விட்டிருக்கலாம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்தால் நாம் விட்டதாகத் தெரியவில்லை.

உட்காருவதற்கு இந்த நாட்டில் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் திகைப்பாக இருக்கிறது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி, 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் தன் 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தது: வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. ரங்கநாதன் தெருக் கடைகளில் நின்றே வேலை செய்கிறவர்களை 'அங்காடித் தெரு' படத்தில் வசந்தபாலன் காட்டியது 2010-ல். திரைக்கு வந்தது சட்டத்துக்கு வர பதினொரு வருஷம்.

போன மாதம் ட்ரங்க் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேட்சிங் ஜாக்கெட் துணி எடுக்கப் போனேன். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. சட்டப்படி சரி. ஸ்டூலின் மேல் ஒரு முழத்துக்கு ஜாக்கெட் பிட்டுகள் அடுக்கியிருந்தன. விற்கிற பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்கும். பேசிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி மற்றக் கணுக்கால் மேல் வைத்தாள், கொஞ்ச நேரத்தில் மாற்றினாள்.

"உக்கார மாட்டியாம்மா?"

குரலைத் தாழ்த்தினாள். "சேரு போட்டுருக்காங்கக்கா. உக்காந்தா சூப்பர்வைசர் சார், 'என்னடா பாட்டி, முட்டி வலிக்குதா'ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க."

ஸ்டூல் மேலிருந்த கட்டைக் காட்டினேன். "அதை எடு, முழுசும் பார்க்கணும்." எல்லாவற்றையும் மேஜை மேல் பரப்பினாள். ஸ்டூல் காலியானது. "எனக்குக் கலர் சீக்கிரம் பிடிபடாது, நேரமாகும். நீ உக்காந்து மடிச்சு வை" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், சூப்பர்வைசர் இருந்த பக்கம் பார்த்தாள், உட்கார்ந்தாள். மயில் கழுத்து நிறத்தில் இரண்டு, அரக்கில் மூன்று, மறுபடி மயில் கழுத்து என்று வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் எடுத்தது, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அதே மாந்தளிர்.