வயதா, புகையா?

குறைந்த செலவில் அதிக தூரம் ஓடும் என்று நம்பிப் பழைய டீசல் கார் வாங்கிய நடுத்தர வர்க்கத்தினரின் சிக்கனக் கணக்கு தலைநகர் தில்லியில் பொய்த்துவிட்டது. பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு எரிபொருள் இல்லை என்ற உத்தரவு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உரிமையாளர்களுக்கு உச்சநீதிமன்றம் அளித்த பாதுகாப்பு, டிசம்பரில் பாரத் 4 மற்றும் அதற்கு மேற்பட்ட தர வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது.

தில்லியின் காற்று நஞ்சாகிவிட்டது என்பதிலோ, அதில் டீசல் புகைக்குப் பங்குண்டு என்பதிலோ மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வயது மட்டுமே அளவுகோலாகலாமா? வடிகட்டிகள் மாற்றப்படாத, இன்ஜெக்டர் பழுதான ஐந்தாண்டு கார், அதே தரத்தில் தயாரிக்கப்பட்டு முறையாகப் பராமரிக்கப்படும் பதினோராண்டு காரைவிட அதிகப் புகை கக்கக்கூடும். பராமரித்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்றால், பராமரிக்க யார் செலவிடுவார்கள்?

பெயரளவுக்கு நடக்கும் புகைப் பரிசோதனையை நம்பகமானதாக்க வேண்டும். பழைய வாகனத்தை விற்கும்போது, அது எந்தத் தரத்தைச் சேர்ந்தது, தலைநகர்ப் பகுதியில் இன்னும் எத்தனை ஆண்டு ஓடலாம் என்பதை எழுத்துமூலம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அரசின் தடுமாற்றத்துக்கு வாங்கியவர் மட்டும் விலை கொடுப்பது நியாயமல்ல.