வண்ண ஊரில் யாருக்கு இடம்?

மெக்சிகோவில் குடியேறிய நண்பரைக் காணச் செல்லும் அமெரிக்கர் பலர் போய்ச் சேரும் ஊர் சான் மிகேல் தே அயெந்தே. காவியும் மஞ்சளும் பூசிய வீடுகள், கல் பாவிய தெருக்கள், இளஞ்சிவப்புக் கல்லில் எழுந்த தேவாலயம். நான்கு நாள் விருந்தாளியாக இருந்தவருக்கு, "நாமும் இங்கே ஒரு வீடு வாங்கினால் என்ன?" என்று தோன்றுவது இயல்பே.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1938-ல் தொடங்கிய கலைப் பள்ளிக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் போர்வீரர்கள் அரசு உதவித்தொகையில் படிக்க வந்தனர். ஊருக்கு அதனால் வருமானம் வந்ததை மறுப்பதற்கில்லை. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஊர் இடம்பெற்றது. ஆனால் இன்று வீட்டு விலை டாலரில் பேசப்படுகிறது, கூலியோ பெசோவில். உள்ளூர்த் தொழிலாளி நகரின் நடுவில் குடியிருப்பது எப்படி?

2025 ஜூலையில் தலைநகர் மெக்சிகோ நகரில் வாடகை உயர்வை எதிர்த்துப் பேரணி நடந்தது. கடைகளின் கண்ணாடிகளும் உடைக்கப்பட்டன. உடைத்தது தவறு, கோபம் தவறல்ல.

வந்தவர்களை வெறுப்பது தீர்வாகாது. பிழைப்புக்காக வேற்றூர் போனவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் கூலி தேடி வருபவர் வேறு, பணத்தோடு வருபவர் வேறு. பின்னவருக்குக் கடமை அதிகம். ஸ்பானிய மொழியைக் கற்கட்டும். உள்ளூர்ச் சந்தையில் வாங்கட்டும். சுற்றுலா வாடகைக்கு வரம்பு கட்டுவது அரசின் பொறுப்பு.

சுவருக்கு மறுபடி வண்ணம் பூசலாம். வெளியேறிய குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல.