நிலமிலார்க்கு நீருழவு

மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் முறையைப் பற்றி இந்நாளில் இருவகைப் பேச்சு உலவுகின்றது. ஒருசாரார், "மண்ணைத் தொடாத பயிரும் ஒரு பயிரோ?" என்று எள்ளி நகையாடுவர். மற்றொருசாரார், உழவின் துன்பமெல்லாம் இன்றோடு ஒழிந்ததென்றும், மாடியிலே குழாய்களை அடுக்கிவிட்டாற் பொன் விளையுமென்றும் கூறி, பல்லாயிரம் ரூபாய் பெறும் கருவிகளை விற்க முற்படுவர். இவ்விருசாரார் கூற்றையும் யாம் ஏற்கிலோம். நீரிலே செடி வளர்த்தல் உண்மையான உழவே. ஆயினும் அது வயலுக்கு மாற்றாகாது. அஃது எவர்க்கு முதலில் உரியது என்பதே ஆராயத்தக்க வினா. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் ஒரு குழி நிலமும் தமக்கென இல்லாது, பிறர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்வார் பலர். அவர்தம் வாயிற்படிக்கே இம்முறை முதலிற் சென்று சேர வேண்டுமென்பது எம் கருத்து. அதற்கு மின்சாரம் வேண்டா; விலையுயர்ந்த கருவியும் வேண்டா. ஒரு பானையும், ஒரு கொட்டாங்குச்சியும், சிறிது உப்பும், சிறிது அறிவும் போதும்.

பெயரைக் குறித்து ஒரு சொல். தமிழ் பயில்வார்க்கு இஃது இயல்பான குறையென்று அன்பர்கள் பொறுப்பாராக. 'மண்ணில்லா வேளாண்மை' என்று இதனை வழங்குகின்றனர். ஒன்றை அதன்பால் இல்லாத பொருளால் பெயரிடுதல் எமக்கு உவப்பாக இல்லை. 1937இல் அமெரிக்க அறிஞர் கெரிக் என்பார் வெளியிட்ட 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயர், நீர், உழைப்பு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டாகும். தமிழிலோ உழைப்பும் உழவும் ஒரே அடியிற் பிறந்த சொற்கள். ஆதலின் 'நீருழவு' என்று சொல்லின் கிரேக்கத்தின் பொருளும் கெடாது. நம் உழவர் காதுக்கும் அயலாகாது.

இது புதுமையுமன்று. ஊசுட்டேரிக் கரையில் நின்று நோக்குவார் எவரும், ஆகாயத்தாமரை தன் வேர்களைச் சேற்றில் ஊன்றாது நீரிலே தொங்கவிட்டு மிதப்பதைக் காண்பர். குளங்களிற் படரும் வள்ளைக்கீரை கணுத்தோறும் நீருக்குள் வேர்விடும். செடிக்கு வேண்டுவது மண்ணன்று, மண்ணிலுள்ள சில பொருள்களே என்பதை இவை நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டே இருந்தன, நாம்தாம் செவிசாய்க்கவில்லை.

மேனாட்டார் இதனை அறிந்த வரலாறு சுவையுடையது. வான் ஹெல்மான்ட் என்பார் 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டுமே வார்த்தார். மரம் 164 பவுண்டு எடை மிகுந்தது. மண் குறைந்ததோ ஏறக்குறைய இரண்டு அவுன்சே. மரமெல்லாம் நீரால் ஆயதென்று அவர் துணிந்தார். அவர் ஆய்வு 1648இல், அவர் மறைவுக்குப்பின், அச்சேறியது. காற்றிலுள்ள கரியை இலை உண்ணுமென்பது அப்பொழுது அறியப்படவில்லை. 1699இல் ஜான் உட்வர்டு என்பார் புதினாவைப் பலவகை நீரில் வளர்த்து, தூய மழைநீரிலும் மண் கலந்த நீரிலேயே அது செழித்ததெனக் கண்டார். ஹெல்மான்ட் புறக்கணித்த அந்த இரண்டு அவுன்சில்தான் மறைபொருள் இருந்தது போலும்! பின்னர், 1860ஐ அடுத்த ஆண்டுகளில், ஜெர்மானியராகிய சாக்ஸ், நாப் என்போர் அம்மறைபொருளை இன்ன இன்ன உப்புகள் என்று பகுத்துக் காட்டினர்.

அதன்பின் விளம்பரம் தொடங்கியது. கெரிக் கலிபோர்னியாவில் 25 அடி உயரத் தக்காளிக் கொடிகளை நீர்த்தொட்டியில் வளர்த்துக் காட்டவே, பத்திரிகைகள் நிலத்தின் காலம் முடிந்ததென்று முழங்கின. அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹோக்லாண்டு, ஆர்னன் என்னும் இருவர் அதனை நிதானமாக ஆராய்ந்து, 1938இல் ஒரு சிறு வெளியீடு செய்தனர். நல்ல மண்ணில் விளைவதனினும் நீரில் மிகுதியாக விளைவதில்லை என்பதும், மண் வாய்க்காத இடத்திலேயே இம்முறை பயன்படும் என்பதும் அவர்தம் முடிவு. எண்பது ஆண்டுகட்கு மேலாகியும் இம்முடிவு விற்பனையாளர் செவிக்கு எட்டவில்லை. மண் வாய்க்காத இடம் என்றவுடன் அமெரிக்கர் நடுக்கடற் பாறைத்தீவுகளை நினைத்தனர். 1945இல் அசென்ஷன் தீவிலே தம் படைவீரர்க்குக் காய்கறி விளைத்தனர். எமக்கோ, வேறொருவகை மண்ணின்மை நினைவுக்கு வருகின்றது. கண்ணெதிரே பசிய வயல் பரந்திருக்க, அதில் ஒரு கைப்பிடியும் தமதன்று என்னும் மண்ணின்மை அது.

இந்தியாவில் இதனை ஏழை இல்லங்கட்கு ஏற்ப எளிதாக்க முயன்றவர் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பார். 1946 முதல் டார்ஜீலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில் அவர் செய்த ஆய்வுகள், 'வங்காள முறை' என்னும் பெயரால் 1951இல் நூலாயின. பொறிகளை விலக்கி, சல்லியும் மணலும் நிரப்பிய தொட்டியில் உப்பைத் தூவி நீர் வார்ப்பதே அம்முறை. விதைப்பவன் உவமையிற் பாறைமேல் விழுந்த விதை உலர்ந்ததற்கு மத்தேயுவும் மாற்குவும் மண்ணாழம் இன்மையைக் கூற, வைத்தியராகிய லூக்கா ஈரமின்மையைக் கூறியதை வேதம் வாசிப்போர் அறிவர். காலிம்போங்குச் சல்லியில் ஈரம் இருந்தது, விதை உலரவில்லை.

இனி, நம் ஊர்க்கு ஏற்ற அமைப்பு யாது? ஹவாய்ப் பல்கலைக்கழகத்துப் பெர்னார்டு கிராட்கி என்பார் வகுத்த முறையே ஏற்றதென்போம். அதில் நீரை ஓட்டும் பொறி இல்லை. காற்றூதும் கருவியும் இல்லை. மூடியுள்ள கலத்தில் சத்துநீரை நிரப்பி, மூடியிலுள்ள துளையில் செடியை நிறுத்துவர். தொடக்கத்தில் வேர்நுனி நீரைத் தொடும். செடி பருகப் பருக நீர்மட்டம் தாழும். தாழ்ந்த இடத்தில் ஈரக்காற்று நிரம்பும். அக்காற்றிலுள்ள மேல்வேர்கள் மூச்சுவிட, கீழ்வேர்கள் நீர் பருகும். லெட்டூஸ் என்னும் சீமைக்கீரைச் செடி ஒன்று தன் வாழ்நாள் முழுமைக்கும் ஏறக்குறைய 4 லிட்டர் நீரே கொள்ளும் என்பது அவர் கணக்கு. நம் வெயிலில் இன்னும் சிறிது மிகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. நீர் குறைந்ததே என்று இரங்கி விளிம்புவரை மீண்டும் நிரப்பினால், காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கி மூச்சடைத்துச் செடி வாடும். வேண்டுமாயின் பாதியளவே நிரப்புதல் வேண்டும்.

கலத்திற்குப் பிளாஸ்டிக் வாளியையே எங்கும் சொல்கின்றனர். யாம் மட்பானையைச் சொல்வோம். வில்லியனூர்ச் சுடுமண் தொழில் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்; பானை வாங்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஊர்ப்பற்றினால் மட்டும் இதனைக் கூறுகின்றோமல்லோம். 20 பாகை வெம்மையுள்ள நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறையும். சித்திரை வெயிலில் வாளியின் நீர் சூடேறி வேர் அழுகும். பானையோ தன் மெய்யெல்லாம் கசிந்து உலர்ந்து உள்நீரைக் குளிர்விக்கும்; நம் பாட்டியர் குடிநீரை அதில் வைத்ததன் காரணம் அதுவே. ஒளி புகாமையின் பாசியும் படராது. குறையும் உண்டு: நீர் கசிவினாற் குறையும், புறத்தே உப்புப் பூக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் பானையை நன்கு ஊறவைத்துக் கழுவுதல் வேண்டும்.

பானையின் வாய்க்குப் பலகை மூடி ஒன்று செய்து, அதில் ஒரு துளையிட்டு, அடியிலும் பக்கத்திலும் துளைத்த கொட்டாங்குச்சியை அத்துளையில் அமர்த்துக. அதனுள் தென்னைநார்க் கழிவை இட்டு விதையை ஊன்றலாம். நார்க்கழிவில் உப்பு உண்டு. ஆதலின் மூன்று நான்கு முறை அலசிய பின்னரே இடுதல் வேண்டும். தண்டுக்கீரையும் பசலையும் பாலக்கீரையும் முதலில் முயலத்தக்கன.

உப்புகளைப் பற்றி உண்மை கூறியாக வேண்டும். சாணக்கரைசலும் பஞ்சகவியமும் பானைக்கு ஆகா. மண்ணிலே நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துச் செடிக்கு ஊட்டும்; பானையிலோ அவை நீரின் உயிர்வளியைக் கவர்ந்து அழுகி நாறும். ஆகவே நீரிற் கரையும் உர உப்புகளை வாங்கியே தீர வேண்டும். தழை, மணி, சாம்பற் சத்துகளுடன் நுண்சத்துகளும் கலந்த உரம் ஒன்று, கால்சியம் நைட்ரேட்டு ஒன்று, எப்சம் உப்பு ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்து கீரைக்கு லிட்டருக்கு ஒன்றரைக் கிராம் அளவு போதும். கால்சியம் உப்பைத் தனியே கரைத்து, இறுதியில் மிகுந்த நீரிற் சேர்த்தல் வேண்டும். செறிந்த நிலையிற் கலப்பின் சுண்ணமாகிக் கீழே படிந்துவிடும். கடல் அணித்தாகிய ஊர்களில் கிணற்றுநீர் கரிக்குமாயின் அதனை விலக்கி, ஐப்பசி, கார்த்திகையில் கூரையினின்று வழியும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே தக்கது.

இங்கேதான் ஏழைக்கு இடர் வருகின்றது. அவ்வுப்புகள் பெரும்பாலும் கிலோக் கணக்கில் விலையாகின்றன. ஒரு பானைக்கு வேண்டுவதோ சில கிராம். ஊர்தோறும் உள்ள பால் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றை மொத்தமாக வாங்கி, பத்துப் பத்துக் கிராமாகப் பொட்டலங்கட்டி அடக்கவிலைக்குத் தரலாகாதோ? குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தார் அளவுகளைச் சரிபார்த்துத் தரலாகாதோ? பானைக்கு மானியம் கேட்பதினும் பொட்டலத்திற்கு ஒழுங்கு கேட்பது மேலென்பது எம் துணிவு.

உப்பும் வாங்க இயலாதார் வேரூன்றலினின்று தொடங்குக. தண்டு வேர்விடுதற்கு வெறும் நீரே போதும். புதினா, துளசி, பசலை, வெற்றிலை ஆகியவற்றுள் ஒன்றன் தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, கீழிலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மூழ்குமாறு கரிய புட்டியில் நிறுத்தி, மூன்று நாளுக்கொருமுறை நீரை மாற்றிவரின், புதினா போன்றவை இரண்டு வாரத்திற்குள் வேர்விடும். நீரில் தோன்றிய வேர் மென்மையானது. அதனை உடனே வெயில்பட்ட மண்ணில் நடுதல் கொடுமை. ஒரு வாரம் நிழலில் ஈரம் உலராது காத்துப் பின் வெளியேற்றுக. அயல்வீட்டாரிடம் கேட்டுப் பெற்ற ஒரு கொம்பு பத்துக் கன்றாகும். இதற்குக் காசு வேண்டா. தொடக்கப்பள்ளிகளில் இதனைக் கற்பிக்கலாம்.

எம் கருத்துக்கு வரும் மறுப்புகளுள் ஒன்று வன்மையுடையது. "வயல்களெல்லாம் மனைகளாகின்றன, நிலமற்றார்க்கு நிலம் கொடுப்பதை விடுத்துப் பானையைக் கொடுத்து வாயடைக்கப் பார்க்கின்றீரோ?" என்பது அது. அவ்வாறு எவரேனும் செய்வாராயின் அவரோடு யாமும் பகைப்போம். பானையில் நெல் விளையாது. பானை ஊருக்குச் சோறிடாது. பெண்ணையாற்று நீரைச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூரேரிக்குக் கொணர்வதும், ஏரி வயலுக்கு ஊட்டுவதும், அவ்வயல் நிலைபெறுவதும் நாட்டின் உயிர்நிலை. கீரைப்பானை வாரம் இருமுறை குழம்போடு ஒரு கறி சேர்க்கும். பிள்ளைகளின் சோகைக்கு எதிராக ஒரு பிடி பச்சை சேர்க்கும். அவ்வளவே அதன் பணி. நிலக்கோரிக்கை அங்ஙனமே நிற்க. பாகூர், கல்விக்கு நிலமளித்த ஊர். அங்கிருந்த வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக்கப்பட்டதை 9ஆம் நூற்றாண்டு நிருபதுங்க பல்லவன் செப்பேடுகள் கூறும். நிலம் உண்டு வளர்ந்த கல்வி, நிலமிலார்க்கு இச்சிறு அறிவையேனும் திருப்பித் தருதல் கடனன்றோ?

மற்றொரு மறுப்பு கொசு. இதனை எளிதாக எண்ணற்க. தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நடுவம் 1975 முதல் புதுச்சேரியிலேயே இயங்குகின்றது. அந்நகர்க்கு அணித்தே வாழ்வோர் திறந்த பானை வைத்திருத்தல் நாணத்தக்கது. மூடிக்கும் பானைக்கும் இடையே துணிச்சுருள் செறித்து, கொட்டாங்குச்சியின் விளிம்பிலும் இடைவெளி இன்றி நாரை அடைக்க வேண்டும். நீரளவு காண மூடியைத் திறவாது, பானையைச் சற்று அசைத்து எடையால் அறியலாம். அறுவடைக்குப்பின் எஞ்சும் சத்துநீரைக் கிணற்றருகிலோ குளத்திலோ கொட்டலாகாது. நீர் கலந்து வாழையடியில் வார்த்துவிடுக.