உணவைக் குறைத்தல் யார்க்குத் தகும்?

உடல் மெலிவே அழகு என்னும் எண்ணம் மாணவர் விடுதிகளில் இக்காலத்தே வேரூன்றி வருகின்றது. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கு மேல் உண்ணலாகாதெனக் கைப்பேசி கட்டளையிட, அதனைத் தலைமேற்கொண்டு காலைச் சிற்றுண்டியைத் துறப்பாரும், இரவில் வெறுந்தண்ணீர் பருகித் துயில்வாரும் நம்மிடையே உளர். அவர்களை எள்ளி நகையாட நாம் முற்படவில்லை. மிகப் பருத்த உடலால் விளையும் நோய்கள் பொய்யல்ல. ஆயினும், இம்முறை தமக்கு ஏற்குமா என ஆராய்ந்த பின்னரோ அவர்கள் தட்டை ஒதுக்கினார்கள் என்பதே நம் ஐயம்.

உணவிலிருந்து உடல் பெறும் ஆற்றலை அளத்தற்குக் கலோரி என்னும் அளவை வழங்குகின்றது. உட்கார்ந்தே தொழில்புரியும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், பெண்டிர்க்கு 1,660 கலோரியும் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வகுத்துரைத்தது. அவ்வெண்களும் முறையே 65 கிலோவும் 55 கிலோவும் நிறையுடையாரைக் கருதியவை. மாலைதோறும் ஹாக்கி ஆடுவானுக்கும், நூலகத்திலேயே பொழுதைக் கழிப்பானுக்கும் ஓரளவே போதுமென்றல் பொருந்துமோ?

குறைத்துண்டலின் விளைவை அறிய விரும்புவோர், அமெரிக்க நாட்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த சோதனையை நோக்குதல் வேண்டும். போரினாற் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை மீட்கும் வழி காணவேண்டி, ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் அதனைத் தொடங்கினார். போர்புரிய மனச்சான்று இடங்கொடாமையாற் படையிற் சேர மறுத்த இளைஞர் 36 பேர் தாமாகவே அதற்கு உடன்பட்டனர். உடல்நலமும் மனத்திட்பமும் உடையரெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். 24 வாரம் அவர்க்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போல்வன. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் நிறையில் நாலிலொரு பங்கு குறைந்தது. அஃது எதிர்பார்த்ததே. அவர்தம் உள்ளம் மாறிய வகையே நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. சிறு சொல்லுக்கும் சினந்தனர், நண்பரை விட்டு ஒதுங்கினர், குளிர் பொறாராயினர், சமையல் நூல்களைக் கதைநூல்போல் வாசித்தனர். வயிறார உண்ணப் பெற்ற பின்னும் பலர்க்குப் பசி அடங்கிற்றிலது. இழந்த கொழுப்பு முன்னிருந்ததினும் மிகுந்து திரும்பிற்று. அவர்கள் நம்மினும் பேருடலினர் என்பது மெய்யே. எனினும், மருத்துவர் கண்காணிப்பில் அவர்கள் உண்டதினும் குறைவாக, யார் கண்காணிப்பும் இன்றி நம் விடுதி நண்பர் உண்கின்றார் என்பதை மறுத்தற்கில்லை.

நிற்க. இதனாற் குறையுணவு நஞ்சென முடிவு கட்டுதலும் பிழையாம். பிரிட்டனில் நடத்தப்பெற்று 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு தோன்றி ஆறாண்டுக்கு மேற்படாத, இன்சுலின் ஏற்றிக்கொள்ளாத, பருத்த உடலினர்க்கு மூன்று முதல் ஐந்து திங்கள்வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரியே பருகும் உணவாக அளித்தனர். மினசோட்டாவிற் கொடுத்ததிற் பாதியளவே இது! ஓராண்டின் முடிவில் அவருள் 100-க்கு 46 பேர் மருந்தின்றியே நீரிழிவு தணிந்தவராயினர்; ஈராண்டின் முடிவில் 36 பேர் அந்நிலையில் இருந்தனர். ஈரலிலும் கணையத்திலும் படிந்த மிகைக்கொழுப்புக் கரைந்தமையே காரணமென்பர். கரைதற்குரிய கொழுப்பு அவர்கள்பால் இருந்தது. மினசோட்டா இளைஞர்பால் இல்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. உண்ணும் அளவுக்கு வள்ளுவர் எண் ஏதும் குறித்திலர். முன்னுண்டது செரித்ததா எனப் பார்க்கச் சொல்லுகின்றார். மருத்துவன் நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம் என்னும் மூன்றையும் எண்ணிச் செயற்படுக என்கின்றார். (இவ்வதிகாரத்தைத் தேர்வுக்கென நெட்டுருச் செய்தவருட் சிலரே காலையுணவை முதலிற் கைவிட்டனர் என்பது வேடிக்கை.)

165 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ நிறையும் உடைய மாணவன் ஒருவனைக் கருதுவோம். கிலோவில் உள்ள நிறையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 18.4 வரும். 18.5-க்குக் கீழ்ப்பட்டது மெலிவென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவன் எதனைக் குறைப்பது? ஆசிய மக்கள் 23 என்னும் எண்ணிலிருந்தே விழிப்பாயிருத்தல் வேண்டுமென அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் கூறிற்று. அதனைக் கடந்தவர் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்; சோற்றையும் எண்ணெய்ப் பண்டத்தையுமே அன்றிப் பருப்பையும் கீரையையும் முட்டையையும் அன்று. நம் பெற்றோருள் நீரிழிவுக்கு மாத்திரை உண்பாரும் இன்சுலின் ஏற்றுவாரும் மருத்துவரைக் கேளாமல் இம்முறையிற் புகலாகாது. உணவு குறைந்து மருந்து குறையாவிடின் இரத்தத்திற் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு வீழ்தல் கூடும். உண்ணுந்தோறும் குற்ற உணர்வால் வருந்துவார்க்கோ கலோரிக் கணக்கே ஆகாதென்பது நம் துணிபு.

விடுதிக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். மருத்துவ அறையிலுள்ள எடைக்கருவியும் உயரம் அளக்கும் கோலும் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் மாத்திரமே பயன்படுகின்றன. திங்கள்தோறும் ஒரு மாலையில் மருத்துவர் முன்னிலையில் அவ்வறையைத் திறந்து வைத்தல் அரிதன்று. அன்றிரவு உணவுக்கூடத்தைச் சற்று நேரங்கழித்து மூடினாலும் நலமே.