கடைவாய்ப் பல்லுக்கு எத்தனை வேர்?

"புடுங்கிப் போட்ருங்க டாக்டர்." எங்கள் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் பல்வலி என்று போகிறவர்கள் அநேகமாகச் சொல்வது இதுதான். வேர் சிகிச்சை செய்தாலும் பல் நிக்காது என்று ஒரு நினைப்பு. வெறும் அறியாமை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சில பற்கள் நிஜமாகவே நிற்பதில்லை. உள்ளே ஒரு கால்வாய் கண்ணில் படாமல் விட்டுப்போவது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், கீழ்ப் பல்லுக்கு இரண்டு. இது புத்தகக் கணக்கு. பல்லுக்குப் புத்தகம் தெரியாதே! 1969-ல் அமெரிக்காவில் வைன் என்பவரின் குழு 208 மேல் கடைவாய்ப்பற்களைப் பார்த்தது. கன்னத்தை ஒட்டிய முன்வேரில், பாதிக்கும் மேற்பட்ட பற்களுக்கு இரண்டு கால்வாய்கள் இருந்தன. கீழ்ப் பல்லில் நாக்குப் பக்கமாக மூன்றாவது வேர் ஒன்று சிலருக்கு முளைக்கும். கிழக்காசிய ஆய்வுகள் பலவற்றில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது; ஐரோப்பியரிடம் அபூர்வம். அப்படியானால் நமக்கு?

சாதாரண எக்ஸ்ரே இதைச் சரியாகச் சொல்லாது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பனைமரங்களை நேரே நின்று பார்த்தால் ஒரு பனைதான் தெரியும். பல்வேரும் அப்படித்தான் ஃபிலிமில் ஒளிந்துகொள்ளும். விவரமான டாக்டர் கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுப்பார். 1990-களின் கடைசியில் வந்த கோன் பீம் சி.டி. ஸ்கேன் தலையைச் சுற்றி வந்து படமெடுத்து, வேரை முப்பரிமாணத்தில் காட்டிவிடுகிறது.

இந்த ஸ்கேனை வைத்து இந்தியரின் மேல் கடைவாய்ப்பற்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த நீலகண்டன் குழுவினர் 2010-ல் வெளியிட்டார்கள். நல்ல வேலை. ஆனால் பிடுங்கிய பற்களைச் சேகரித்து ஸ்கேன் செய்தது அது. டப்பாவில் கிடக்கும் பல் தன் சொந்த ஊரைச் சொல்லாது. "இந்தியர்" என்ற ஒரே சொல்லில் காஷ்மீரும் கடையமும் ஒன்றாகிவிடுமா என்ன?

என் கருத்து இதுதான். ஆராய்ச்சிக்காக யார் மேலும் புதிதாகக் கதிரைப் பாய்ச்ச வேண்டாம். சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுக்கும் ஸ்கேன்களையே, பெயரை நீக்கி, நோயாளியின் சம்மதத்தோடு மாவட்டவாரியாகச் சேர்த்து வைக்கலாம். நம் பக்கம் காவல்கிணறிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர்களுக்கு இதைவிட உருப்படியான புராஜெக்ட் கிடைக்குமா?

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியில் கலக்கிறது. அதே ஆற்றோடு கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர். அங்கே தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை அளந்து சக்கர்மன் 1930-ல் எழுதினார். மண்டையை அளந்து இனம் பிரிப்பது அந்தக் காலத்து மோகம். பல்லின் மேல்பகுதி மென்று மென்று தேய்ந்துபோகும், வேர் தாடைக்குள் பத்திரமாக இருக்கும். தாடையை உடைக்காமலே ஸ்கேனில் அதைப் பார்த்துவிடலாம். நம் வெக்கையில் பழைய எலும்பில் மரபணு தேறுவது கஷ்டம் என்பதால், வேருக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஆனால் ஒற்றை வேரை வைத்து வம்சக் கதை கட்டிவிடக் கூடாது. திபெத் பீடபூமியில் கிடைத்த சியாகே தாடையின் மூன்று வேர்ப் பல்லைக் காட்டி, ஆசியருக்கு இது டெனிசோவன் வழியாக வந்தது என்று 2019-ல் சிலர் எழுதினார்கள். அடுத்த வருஷமே, இரண்டும் ஒரே மாதிரி வேர் இல்லை என்று மறுப்பு வந்தது. ஆதிச்சநல்லூர் தாடையில் மூன்று வேர் தெரிந்தால் நம்மூரில் என்னென்ன கிளம்பும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய கடையத்துக்காரர், அம்பாசமுத்திரத்துக்காரர், ஸ்ரீவைகுண்டத்துக்காரர் பற்களின் கணக்கு முதலில் கையில் வேண்டும். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நிரப்பும் படிவத்தில் "பூர்வீகம் எந்த ஊர்?" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் கணக்கை நாளைக்கே தொடங்கிவிடலாம்.